மென்பொருள் மாற்றுகிறோம்: ஏழு வருடக் கணக்கை வெளியே எடுப்பது எப்படி?

மண்டபம்_சரக்கு | ஜனவரி 11, இரவு 9:20

எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்தில் இறால், கணவாய், நண்டு எடுக்கிற வியாபாரம் எங்களுடையது. அப்பா தொடங்கியது, இப்போது நானும் தம்பியும் பார்க்கிறோம். கரையில் எடுத்து, ஐஸ் போட்டு, தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் கம்பெனிகளுக்கு அனுப்புவோம். ஏழு வருடமாக ஓர் இணையவழிக் கணக்கு மென்பொருளில்தான் எல்லாமே. மாதச் சந்தா. போன தீபாவளியோடு சந்தாவை இரட்டிப்பாக்கிவிட்டார்கள். அதனால் ஏப்ரல் 1 முதல் வேறொன்றுக்குப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

வாங்கும்போது "உங்கள் டேட்டாவை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்" என்றார்கள். நேற்றுதான் அந்தப் பொத்தானை முதல்முறையாக அழுத்தினேன். நான்கு கோப்புகள் வந்தன: பார்ட்டி பட்டியல் (நாங்கள் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் ஆட்கள்), பொருள் பட்டியல், கொள்முதல், விற்பனை. படகுகளுக்குக் கொடுத்த முன்பணம் எதிலுமே இல்லை.

எங்கள் தொழிலில் அதுதான் உயிர். ஒரு படகுக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கொடுத்திருப்போம். அவர்கள் சரக்குப் போடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்போம். எந்தப் பில்லில் எவ்வளவு கழிந்தது என்று மென்பொருளில் முன்பணப் பக்கத்தைத் திறந்தால் தெரிகிறது. வெளியே வந்த கோப்புகளில் மீதித் தொகைகூட இல்லை. உதவி எண்ணில் கேட்டால், "ஒவ்வொரு பார்ட்டிக்கும் பிடிஎஃப் எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். மொத்தம் 140 படகு. இதை எப்படிச் செய்வது? முன்பே மாறியவர்கள் யாராவது சொல்லுங்கள்.


பாம்பன்_ஐஸ் | ஜனவரி 11, இரவு 10:02

தம்பி, நான் கணினி விஷயம் அதிகம் அறியாதவன். ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த 140 படகில் பாதிப் பேருக்கு ஐஸ் என்னிடம்தான் போகிறது, உங்கள் கணக்கில்தான் பற்று எழுதுகிறேன். என் பேரேட்டில் படகு வாரியாக எல்லாம் இருக்கிறது. ஒத்துப்பார்க்க வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.


கணக்கர்_ராமநாதபுரம் | ஜனவரி 12, காலை 7:15

தம்பி, பொத்தானை ஜனவரியிலேயே அழுத்திப் பார்த்தீர்களே, அதுவே பெரிய விஷயம். என்னிடம் கணக்கு பார்க்க வருகிறவர்களில் பலர் மார்ச் 31 இரவுதான் அழுத்துவார்கள். அப்போது எது விடுபட்டது என்று பார்க்கவே நேரம் இருக்காது.

இரண்டு தேவைகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். புது மென்பொருளில் வேலை ஓட எது வேண்டும் என்பது ஒன்று. நாளைக்கு அதிகாரியோ வங்கியோ படகுக்காரரோ கேட்டால் எடுத்துக் காட்ட எது வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதற்குக் கொஞ்சம் போதும். இரண்டாவதற்கு எல்லாமே வேண்டும்.

மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஆண்டு ரிட்டனுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளையும் ஆவணங்களையும் வைத்திருக்க வேண்டும். 2024-25 ஆண்டுக்கு அந்தக் கடைசித் தேதி 2025 டிசம்பர் 31. அப்படியென்றால் 2031 டிசம்பர் 31 வரை அந்த ஒரு வருடக் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். மேல்முறையீடு ஏதாவது நடந்தால் இன்னும் நீளும். சந்தா நின்ற ஒன்றிரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடும் மென்பொருள்கள் உண்டு. "அவர்கள் அழித்துவிட்டார்கள்" என்பதை எந்த அதிகாரியும் பதிலாக ஏற்க மாட்டார்.

விதி 57 என்று ஒன்று இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. மின்னணு முறையில் கணக்கு வைத்தால் முறையான காப்பு நகல் வைக்க வேண்டும். கேட்கும்போது கோப்புகளின் விவரம், கடவுச்சொல், உள்ளே போட்டிருக்கும் குறியீடுகளுக்கு விளக்கம் எல்லாம் தர வேண்டும். உங்கள் பொருள் பட்டியலில் "வெ2" என்று இருந்தால் அது வெள்ளை இறால் இரண்டாம் தரம் என்று உங்கள் தம்பிக்குத் தெரியும். 2030-இல் கோப்பைத் திறப்பவருக்கு யார் சொல்வது? அத்தனை குறியீட்டையும் ஒரு தாளில் எழுதி அதே கோப்புறையில் போட்டு வையுங்கள்.


தொண்டி_வலை | ஜனவரி 12, காலை 11:40

எதற்கு இவ்வளவு சிரமம்? நாங்கள் மூன்று வருடம் முன்பு மாறினோம். மார்ச் 31 அன்று ஒவ்வொருவருக்கும் என்ன பாக்கி என்று ஒரே ஒரு தொகை எடுத்தோம், புதிதில் ஆரம்ப இருப்பாக ஏற்றினோம், முடிந்தது. பழையதைச் சுமந்துகொண்டு போனால் பழைய குப்பையும் கூடவே வரும்.


மண்டபம்_சரக்கு | ஜனவரி 12, பகல் 1:05

அண்ணே, வலைக்கடைக்கு அது சரியாக வரும் என்று நினைக்கிறேன். வாங்கியது, கொடுத்தது, பாக்கி, அவ்வளவுதான். எங்களுக்கு ஒரே படகுக்கு மூன்று முன்பணம் ஓடும். இன்ஜினுக்குக் கொடுத்தது ஒன்று, வலைக்கு ஒன்று, வீட்டுக் கல்யாணத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கழிக்கும் விதம் வேறு. ஒரே தொகையாக ஏற்றினால் ஜூலையில் படகுக்காரர் வந்து "இன்ஜின் பணம் முடிந்துவிட்டதே" என்பார். என்னிடம் காட்ட ஒன்றும் இருக்காது. அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் எனக்குத் தெரியாது, அதுதான் எனக்குப் பயம்.


உச்சிப்புளி_நிரலர் | ஜனவரி 12, இரவு 8:30

அண்ணா, நான் சென்னையில் இதே வேலையில்தான் இருக்கிறேன், ஊர் உச்சிப்புளி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இப்போது கடைசியாகச் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. பார்ட்டி பட்டியலை எந்த மென்பொருளும் கொடுத்துவிடும். இந்தப் படகு, இந்த முன்பணம், இந்தப் பில், இவ்வளவு கழிவு என்று நான்கையும் சேர்த்துப் போட்ட முடிச்சைத்தான் கொடுக்காது. வலையைப் பிரித்து நூலாகக் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நூல் முழுசாக இருக்கும், மீன் பிடிக்க முடியாது.

அதனால் முதல் வேலை: வந்த நான்கு கோப்புகளிலும் ஒவ்வொரு வரிக்கும் ஓர் உள் எண் இருக்கிறதா பாருங்கள். கொள்முதல் கோப்பில் படகுக்காரரின் பெயர் மட்டும் இருக்கிறதா, இல்லை பார்ட்டி பட்டியலில் இருக்கும் அதே எண் இங்கேயும் வருகிறதா? பெயர் மட்டும் இருந்தால் சிக்கல். நம் ஊரில் ஒரே தெருவில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள்.

இரண்டாவது, உதவி எண்ணில் பேசுவதை நிறுத்துங்கள். மின்னஞ்சல் எழுதுங்கள். "எங்கள் கணக்கின் எல்லா அட்டவணைகளும், உள் எண்களோடு, ரத்து செய்த பதிவுகளையும் சேர்த்து, சிஎஸ்வி வடிவில் (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பாக) வேண்டும், முன்பணமும் பில்லும் எப்படிப் பொருந்துகின்றன என்ற அட்டவணை அதில் இருக்க வேண்டும்" என்று கேளுங்கள். தொலைபேசியில் எடுப்பவரின் திரையில் நமக்கு இருக்கும் அதே பொத்தான்தான் இருக்கும். எழுத்தில் போனால்தான் தரவுத்தளத்தைத் தொடுகிற ஆளிடம் போகும். எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

மூன்றாவது, யாருடைய உள்நுழைவில் எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். கொள்முதல் மட்டும் பார்க்க அனுமதி உள்ள பயனர் எடுத்தால் கொள்முதல் மட்டும்தான் வரும். எதையோ விட்டிருக்கிறேன் என்று மென்பொருள் சொல்லாது.

கோப்பு வந்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று படிப்பதற்கு முன், எண்ணிப் பாருங்கள். மென்பொருளில் 2023-24 கொள்முதல் பில் எத்தனை, கோப்பில் எத்தனை வரி. மொத்தத் தொகை அங்கே எவ்வளவு, இங்கே எவ்வளவு. வருட வாரியாகச் செய்யுங்கள். சில மென்பொருள் ஒரு தடவைக்கு இத்தனை வரி என்று வெட்டிவிடும். வெட்டியது கண்ணுக்குத் தெரியாது, எண்ணினால்தான் தெரியும்.


கீழக்கரை_ஏற்றுமதி | ஜனவரி 13, மாலை 4:10

நாங்கள் பிரைவேட் லிமிடெட். எங்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் வைத்திருக்கும் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற தடம் பதிவாக வேண்டும், அதை அணைத்து வைக்கவும் முடியக் கூடாது. கம்பெனிச் சட்டப்படி கணக்குகளை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். போன வருடம் மாறும்போது கணக்கு எல்லாம் வந்தது, திருத்தத் தடம் வரவில்லை. ஆடிட்டர் கேட்டபோது விழித்தோம். பழைய மென்பொருளுக்கு இன்னும் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறோம், அந்த ஒன்றுக்காக.

அப்புறம் இணைப்புகள். ஏற்றுமதிச் சரக்கில் ஒவ்வொரு லாட்டுக்கும் எத்தனை தாள்! ஐரோப்பாவுக்குப் போகிற கடல்மீனுக்கு 2010 ஜனவரியிலிருந்து பிடிப்புச் சான்றிதழ் வேண்டும், மத்திய அரசின் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான எம்பெடா சரிபார்த்துத் தருகிறது. எந்தப் படகு, எந்தக் கரை, எந்த நாள் என்பதிலிருந்து கன்டெய்னர் வரை சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். நாங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அந்தந்தப் பில்லோடு ஒட்டி வைத்திருந்தோம். வெளியே எடுத்தபோது ஆறாயிரத்துச் சொச்சம் பிடிஎஃப் ஒரே கோப்புறையில் வந்து விழுந்தன. கோப்பின் பெயரெல்லாம் வெறும் எண்கள். எது எந்தப் பில்லோடு சேர்ந்தது என்று எதுவும் இல்லை. இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து ஐந்து வாரம் பெயர் மாற்றினோம். மண்டபம் தம்பி, உங்களிடம் கொள்முதல் சீட்டு படம் எடுத்து ஏற்றியிருந்தால் இதையும் இப்போதே சோதியுங்கள்.


மண்டபம்_சரக்கு | ஜனவரி 13, இரவு 9:45

நன்றி கீழக்கரைக் காக்கா. எடைச் சீட்டு படங்கள் இருக்கின்றன, சுமார் இரண்டு வருடத்துக்கு. நான் யோசிக்கவே இல்லை. திருத்தத் தடம் எங்களுக்கும் பொருந்துமா? நாங்கள் கூட்டாண்மை நிறுவனம்தான்.


கணக்கர்_ராமநாதபுரம் | ஜனவரி 14, காலை 6:50

அந்த விதி கம்பெனிகளுக்குத்தான், உங்களுக்கு இல்லை. ஆனால் கிடைத்தால் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஒரு படகுக்காரரின் முன்பணம் குறைக்கப்பட்டது ஏன் என்ற பேச்சு வந்தால், யார் எப்போது மாற்றினார் என்று தெரிவது உங்களுக்கும் அவருக்கும் நல்லது.


ஏர்வாடி_கருவாடு | ஜனவரி 15, இரவு 7:30

பொங்கல் வாழ்த்துகள். எங்கள் கதை வேறு மாதிரி. 2006-இல் ஒருவர் எழுதிக் கொடுத்த நிரல், அதில் பெயரெல்லாம் தமிழில்தான் அடித்தோம், பாமினி எழுத்துருவில். போன வருடம் எடுத்துப் பார்த்தால் பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழிக்க இருந்தேன். மகள்தான் தடுத்தாள். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலமாகத்தான் தெரியும். யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றினோம், 900 பெயரும் திரும்பி வந்தன. எதையும் அழிக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.


உச்சிப்புளி_நிரலர் | ஜனவரி 15, இரவு 8:12

அருமை. இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கும். கோப்பு சரியான யூனிகோடில்தான் இருக்கும், ஆனால் சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கி எக்செல்லில் திறந்தால் தமிழெல்லாம் கிறுக்கலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், திறந்த விதம்தான் தவறு. டேட்டா மெனுவிலிருந்து உள்ளே கொண்டுவந்து, குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். முக்கியமாக, கிறுக்கலாகத் தெரியும் நிலையில் "சேவ்" கொடுத்துவிடாதீர்கள். அப்புறம் மீட்பது கஷ்டம். மூலக் கோப்பை ஒரு கோப்புறையில் தொடாமல் வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.


சாயல்குடி_மிளகாய் | ஜனவரி 17, காலை 10:20

குண்டு மிளகாய்க்காரன் பேசுகிறேன். எங்கள் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் வியாபாரிகள் லாட் விவரம் கேட்க ஆரம்பித்தார்கள், அதனால்தான் நாங்களும் மென்பொருள் மாறினோம். இரண்டு விஷயம்.

ஒன்று, அலகு. பழையதில் மூட்டைக் கணக்கு, புதியதில் கிலோ. ஏற்றும்போது "120" என்பது 120 மூட்டையாக இருந்தது 120 கிலோவாக உட்கார்ந்துவிட்டது. தொகை சரியாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. குளிர்பதனக் கிடங்கில் போய் மூட்டையை எண்ணியபோதுதான் தெரிந்தது. நீங்கள் கூடை, பெட்டி, கிலோ என்று மூன்றிலும் எழுதுவீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, நேரம். எங்களுக்கு மாசி, பங்குனியில் வரத்து உச்சத்தில் இருக்கும். ஏப்ரல் 1 நிதியாண்டுக்குச் சரி, ஆளுக்குச் சரியில்லை. நாங்கள் அந்தத் தேதியில் மாறி, எடை போடுகிற பையனே கணினியிலும் உட்கார்ந்து திண்டாடினான். உங்களுக்கு அந்த வசதி இருக்கிறதே, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாள் விசைப்படகு போகாது. அதைப் பயன்படுத்துங்கள்.


மண்டபம்_சரக்கு | ஜனவரி 17, இரவு 10:30

இதை நான் ஏன் யோசிக்கவில்லை என்று இருக்கிறது! தடைக்காலத்தில் நாட்டுப்படகு நண்டு மட்டும் வரும், பாதி வேலைகூட இருக்காது. ஏப்ரல் 1-இல் புதியதைத் தொடங்கி, இரண்டு வாரம் இரண்டிலும் எழுதுவது. 15-க்குப் பிறகு உட்கார்ந்து ஒத்துப்பார்ப்பது. ஜூன் 14 வரை பழையதைப் பார்க்க மட்டும் திறந்து வைப்பது. அப்படித் திட்டம் போடுகிறேன்.


உச்சிப்புளி_நிரலர் | ஜனவரி 18, காலை 9:00

நல்ல திட்டம் அண்ணா. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: புதிய மென்பொருள்காரரிடம் பணம் கட்டுவதற்கு முன்பே வெளியே போகும் வழியைக் கேளுங்கள். இலவசச் சோதனைக் காலத்தில் பத்துப் பில், இரண்டு முன்பணம், ஒரு கழிவு, ஒரு ரத்து, ஒரு படம் போட்டு, அன்றைக்கே எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். பத்தும் முடிச்சோடு வருகிறதா? வராவிட்டால் ஏழு வருடம் கழித்து இதே இடத்தில் இதே கேள்வியோடு நிற்போம். ஒப்பந்தத்தில் எந்த வடிவில், எத்தனை நாளில், என்ன கட்டணத்தில் தருவார்கள், சந்தா நின்ற பிறகு எத்தனை நாள் வைத்திருப்பார்கள், அப்புறம் அழித்ததை எழுத்தில் உறுதி செய்வார்களா என்பதெல்லாம் இருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த டேட்டா சட்டப்படி, மேகச் சேவை (கிளவுட்) தருபவர் வாடிக்கையாளர் வேறிடம் போக வழிவிட வேண்டும். 2027 ஜனவரி 12 முதல் மாறுவதற்கென்று கட்டணமும் வாங்கக் கூடாது. நம் நாட்டில் 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தரவை வேறிடத்துக்குக் கொண்டுபோகும் உரிமை இடம்பெறவில்லை. அதனால் நமக்கு ஒப்பந்தத் தாள்தான் துணை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்தான் நம் பேச்சு எடுபடும்.


தொண்டி_வலை | ஜனவரி 18, மாலை 6:15

படித்துக்கொண்டே வருகிறேன். நான் முதலில் சொன்னதை இப்போது சொல்ல மாட்டேன். போன மாதம்தான் ஒரு பழைய பில் தேவைப்பட்டது, 2020-இல் வாங்கிய இன்ஜினுக்கு உத்தரவாதம் சம்பந்தமாக. பழைய கணக்கு அழிந்துபோயிருந்தது. டாலி கணக்கு மென்பொருளில் இருக்கிறவர்களுக்கு ஒன்று: அதன் காப்பு நகலை டாலியில்தான் திறக்க முடியும். அதனால் காப்பு நகலோடு டே புக், லெட்ஜர் எல்லாவற்றையும் ஆல்ட்-ஈ அழுத்தி எக்செல்லிலும் ஒரு தடவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.


மண்டபம்_சரக்கு | மார்ச் 4, இரவு 11:10

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

மின்னஞ்சல் எழுதினேன். முதல் பதில் பழைய பதிலேதான். இரண்டாவதாக, உச்சிப்புளித் தம்பி சொன்ன வாசகத்தை அப்படியே போட்டு, தேதியும் குறித்து அனுப்பினேன். 16 நாள் கழித்து 31 கோப்புகள் வந்தன. முன்பணப் பொருத்த அட்டவணையும் அதில் இருந்தது! முடிச்சு வெளியே வந்துவிட்டது என்று அன்றைக்கு வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

சந்தோஷம் இரண்டு நாள்தான். எக்செல்லில் திறந்து படகு வாரியாக அடுக்கிப் பார்த்தபோது, ஒரு விசைப்படகு 2024 மே 9 அன்று 340 கிலோ கணவாய் போட்டதாக இருந்தது. மே 9 தடைக்காலம். அந்தப் படகு கரையில் ஏற்றி வர்ணம் அடித்துக்கொண்டிருந்தது, நானே பார்த்தேன். எடைச் சீட்டுப் படத்தைத் தேடி எடுத்தேன். 05-09-2024. செப்டம்பர் 5. என் கணினி மாதத்தை முதலில் படித்து மே 9 ஆக்கிவிட்டது. 12-க்கு மேற்பட்ட தேதிகளை அதனால் புரட்ட முடியவில்லை, அவற்றை வெறும் எழுத்தாக இடது பக்கம் ஒட்டி வைத்திருந்தது. ஆக ஒவ்வொரு மாதத்திலும் முதல் பன்னிரண்டு நாள் வேறு மாதங்களில் சிதறிக் கிடந்தது.

முதலில் கிழமை வைத்துப் பிடிக்கலாம் என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்பும், அதனால் சரக்கு செவ்வாய், வியாழன், ஞாயிறுதான் வரும். ஆனால் 2024 செப்டம்பர் 5-ம் வியாழன், மே 9-ம் வியாழன். கிழமை மாட்டிக்கொடுக்கவில்லை, தடைக்காலம்தான் மாட்டிக்கொடுத்தது.

அதே கோப்பில் இன்னொன்று. எச்எஸ்என் (சரக்கு வகைக் குறியீடு) நெடுவரிசையில் 306, 307 என்று இருந்தது. நண்டுக்கும் இறாலுக்கும் 0306, கணவாய்க்கு 0307. முன்னால் இருக்கும் சைபரை எக்செல் தின்றுவிட்டது. படகுக்காரர்களின் வங்கிக் கணக்கு எண்ணில் 16 இலக்கம் உள்ளவற்றுக்கெல்லாம் கடைசி இலக்கம் 0. பணம் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருந்ததால் தப்பித்தேன். மறுபடி உள்ளே கொண்டுவரும்போது எல்லா நெடுவரிசையையும் "டெக்ஸ்ட்" என்று குறித்த பிறகு அத்தனையும் சரியாக வந்தன.


கணக்கர்_ராமநாதபுரம் | மார்ச் 5, காலை 7:05

தம்பி, அந்தத் தேதி விஷயம் ஜிஎஸ்டி ரிட்டனோடு ஒத்துப்பார்த்திருந்தாலும் வெளிப்பட்டிருக்கும். மாத வாரியாகக் கூட்டி, தாக்கல் செய்த ரிட்டனோடு வைத்துப் பாருங்கள். ரிட்டன் வெளியே அரசாங்கத்திடம் இருக்கிற எண், இரண்டு மென்பொருளும் அதைத் தொட முடியாது. மின்-விலைப்பட்டியல் போடுகிறவர்கள் ஒவ்வொரு பட்டியலுக்கும் உரிய 64 எழுத்து நீள அடையாள எண்ணான ஐஆர்என் முழுசாக வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.


மண்டபம்_சரக்கு | மார்ச் 5, பகல் 2:20

பார்க்கிறேன் அக்கா. இன்னொரு சிக்கல். 2020-க்கு முன்னால் முன்பணப் பக்கமே அந்த மென்பொருளில் இல்லை. அப்போதெல்லாம் தம்பி குறிப்பு வரியில்தான் எழுதியிருக்கிறான்: "இன்ஜின் பணம் 5000 கழிவு, 1746" என்று. அந்த 1746 படகுப் பதிவெண்ணின் கடைசிப் பகுதி.


உச்சிப்புளி_நிரலர் | மார்ச் 5, இரவு 9:30

அண்ணா, அது சிக்கல் இல்லை, அதுதான் சாவி! படகில் எழுதியிருக்கும் ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் எண் ஒரு படகுக்கு ஒன்றுதான். ஆள் பெயர் பத்து விதமாக எழுதப்பட்டிருக்கும், படகு விற்றால் உரிமையாளரே மாறுவார், எண் அப்படியே இருக்கும். பார்ட்டி பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எதிரே முழுப் பதிவெண்ணை ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துவிடுங்கள். குறிப்பு வரியில் இருக்கும் கடைசி எண்ணை வைத்துத் தேடிப் பொருத்தலாம். குறிப்பு வரி பாதியில் வெட்டுப்படாமல் முழுசாக வந்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள், எண் கடைசியில்தானே இருக்கிறது.


பாம்பன்_ஐஸ் | மார்ச் 6, காலை 5:40

எல்லாம் எடுத்த பிறகு எங்கே வைக்கப் போகிறீர்கள்? என் மகன் பென் டிரைவில் போட்டுக் கல்லாப்பெட்டியில் வைத்தான். இரண்டு வருடத்தில் உப்புக்காற்றில் முனையெல்லாம் பச்சை பிடித்து எடுக்க முடியாமல் போனது. ஒரு நகல் மதுரையில் தங்கச்சி வீட்டில் வையுங்கள்.


மண்டபம்_சரக்கு | ஏப்ரல் 29, இரவு 8:50

தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம். இதுவரை உள்ள நிலவரம்.

ஏப்ரல் 1 முதல் புதியதில் எழுதுகிறோம். பழைய ஏழு வருடத்தை அதில் ஏற்றவில்லை. இன்னும் கழிந்து முடியாத முன்பணங்களை மட்டும், ஒவ்வொன்றையும் அதன் பழைய தேதி, காரணம், மீதியோடு தனித்தனி வரியாக ஏற்றினோம். மற்றதெல்லாம் மூலக் கோப்பாக மூன்று இடத்தில் இருக்கிறது: கடையில், மேகச் சேமிப்பில், மதுரையில் மாமா வீட்டில். குறியீட்டுத் தாளும் சேர்த்து. புதியவரிடம் கையெழுத்துக்கு முன் பத்துப் பில் சோதனை செய்தோம், முடிச்சோடு வெளியே வந்தது. ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொன்னோம்: சந்தா நின்ற பிறகு 90 நாள் பார்க்க மட்டும் திறந்திருக்கும். சேர்த்துக் கொடுத்தார்கள்.

140 படகில் 127 ஒரே நாளில் ஒத்துப்போனது. 13 ஒத்துப்போகவில்லை. இப்போது படகுகள் கரையில்தான் இருக்கின்றன, ஆட்களும் ஊரில் இருக்கிறார்கள். அதனால் நானும் தம்பியும் வீடு வீடாகப் போகிறோம். அவர்கள் நோட்டை எடுப்பார்கள், நாங்கள் தாளை எடுப்போம், திண்ணையில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம். 11 முடிந்துவிட்டது. அதில் நான்கு பேருக்கு எங்கள் கணக்குதான் தவறு, கழிக்க வேண்டியதைக் கழிக்காமல் விட்டிருந்தோம். ஒரு தங்கச்சிமடத்து அம்மா, கணவர் போன பிறகு படகை மகன் பார்க்கிறான், அவர்களுக்கு 22,000 குறைத்து எழுதினோம். அந்த அம்மா 2019-இலிருந்து ஒவ்வொரு சீட்டையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். ஒரே தொகையாக ஆரம்ப இருப்பு ஏற்றியிருந்தால் அந்த 22,000 அவர்கள் தலையிலேயே நின்றிருக்கும்.

மீதி இரண்டு படகு நாளைக்கு.


பாம்பன்_ஐஸ் | ஏப்ரல் 29, இரவு 9:15

என் ஐஸ் பாக்கி 18,400 ஏறியதா தம்பி?


மண்டபம்_சரக்கு | ஏப்ரல் 29, இரவு 9:18

ஏறியது அண்ணே, பில் வாரியாக. நாளைக் காலை பேரேட்டை எடுத்து வையுங்கள், பாம்பன் வழியாகத்தான் போகிறோம்.